யோர்தானைக் கடக்கும் மகளுக்கு

மகளே,

வருகிற வியாழக்கிழமை நீ உன் படைப்பிரிவோடு புறப்படுகிறாய். எந்த நாட்டுக்கு என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டில் எந்த இடத்துக்கு என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடாது என்று நீ சொன்னாய். நானும் திருப்பிக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை மடித்து உன் கையில் தந்திருக்கலாம். ஆனால் நம் சபையின் இதழில், எல்லாரும் வாசிக்கிற இடத்தில், இதைப் போடும்படி கேட்டிருக்கிறேன். உனக்கு நான் செய்த பிழையை எல்லாருக்கும் முன்னால்தான் செய்தேன். பிழையை மண்டபம் நிறையச் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது நியாயமில்லை.

எங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். நீ பொறியியல் படித்து முடித்த வருடம், ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா உன் சோற்றுக் கோப்பையில் இரண்டாம் தரம் கறி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய். “அப்பா, நான் ஆர்மிக்கு அப்ளை பண்ணினனான். எடுத்திட்டினம்.” நான் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஆர்மி?” என்பது. லண்டனில் பிறந்து அதன் வடக்குப் பக்கத்து எட்மண்டனில் வளர்ந்த உனக்கு அது சிரிப்பாக இருந்தது. “இஞ்சத்த ஆர்மிதான் அப்பா. பாலம் கட்டுற பிரிவு” என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. பாலம் என்கிற சொல் என் காதில் விழவே இல்லை. கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து, கை கழுவாமலே மேலே போய்விட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை உனக்கு நான் சொல்லியிருக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது என் அண்ணன், உன் பெரியப்பா, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குப் போனான். மூன்றாம் நாள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டு டயரிலும் காற்று நிறைய இருந்தது. அதற்குப் பிறகு அவனை இரண்டே தரம்தான் பார்த்தேன். என் பதினேழாவது வயதில் அவன் உயிரோடு இல்லை. உனக்கு நான் அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவன் நன்றாகப் படம் கீறுவான் என்பது மட்டும்தான். சீருடை எந்த நிறத்தில் இருந்தாலும் அதைப் போட்டவன் வீட்டுக்குத் திரும்பமாட்டான் என்று எனக்குள் ஒன்று உறைந்துபோயிருந்தது. அதை நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம்.

அந்தப் பயத்தோடுதான் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றேன். தேவாலயத்தின் பின்மண்டபத்தில் நம் தமிழ்ச் சபை கூடும்போது, ஆராதனை முடிவில் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று போதகர் கேட்பார். ஒருவர் தாயின் முழங்கால் வலியைச் சொன்னார். இன்னொருவர் மகனின் விசாவைச் சொன்னார். நான் எழுந்து, “என்ர மகளுக்காகச் செபியுங்கோ. மற்ற ஆக்களின்ர பிள்ளையளக் கொல்லப் படிக்கப் போறாள்” என்றேன். நீ கடைசி வரிசையில் இருந்தாய். அறுபது பேர் கழுத்தைத் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டார்கள். நீ எழுந்து போகவில்லை. செபம் முடியும்வரை இருந்தாய், மற்றவர்களோடு சேர்ந்து கதிரைகளை மடித்து அடுக்கினாய், தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாய், அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு ரயிலுக்குப் போனாய். அதன் பிறகு பல மாதங்கள் வீட்டுக்கு வரவில்லை. உன் பயிற்சி முடிந்து நீ அதிகாரியாகப் பதவியேற்ற அணிவகுப்புக்கு அம்மா தனியே போனாள், நல்ல சேலையும் குளிர்கோட்டுமாக. நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்டை மாற்றியிருக்கலாம். மாற்றித் தருகிறேன் என்று ஒரு சக சாரதி தானாகவே கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். இதையும் இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் போதகர் என்னை ஒரு வேலை கேட்டார். பெரியவர்களுக்கான வேத வகுப்பில் ஆறு வாரத்துக்கு, இஸ்ரவேலர் கானான் தேசத்துக்குள் போவதற்கு முன் தங்களை ஆயத்தம் செய்த பகுதியை எடுக்கச் சொன்னார். எனக்கு அது கைவந்த பாடம். முன்பும் இரண்டு தரம் எடுத்திருக்கிறேன். நாற்பது வருடம் பாலைவனத்தில் அலைந்த சனம், மோசே இறந்த பிறகு யோசுவாவின் தலைமையில் யோர்தான் ஆற்றங்கரைக்கு வருகிறது. அக்கரையில் எரிகோ, மதில் சூழ்ந்த நகரம். நான் எப்போதும் ஆற்றை அவசரமாகக் கடந்துவிட்டு மதில் விழுகிற இடத்துக்கு ஓடிப்போய்விடுவேன். எக்காளம், ஆரவாரம், வெற்றி. வகுப்புக்கும் அதுதான் பிடிக்கும். இந்தமுறை போதகர் விடவில்லை. “மதிலைத் தொடாதேயுங்கோ அண்ணை. அதுக்கு முந்தி நடந்ததை மட்டும் எடுங்கோ” என்றார். அதற்கு முந்தி என்ன நடந்தது என்று இருந்து வாசித்தபோதுதான் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பது விளங்கியது. இவ்வளவு சனம் ஒரு ஆற்றை எப்படிக் கடக்கும்? முதலில் யார் போவது? எவ்வளவு சாப்பாடு கட்டுவது? குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். “உங்கட மகளிட்டக் கேளுங்கோவன். ஆறு கடக்கிறதுதானே அவளின்ர வேலை.”

நான் போனை எடுக்க மூன்று நாள் பிடித்தது. நீ எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் சுடுகிறது. “அப்பா? அம்மாவுக்கு என்ன?” நான் உன்னைக் கூப்பிடுவதாக இருந்தால் வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு உன்னை நான் கொண்டுவந்து விட்டிருந்தேன். “ஒண்டுமில்லை. ஒரு ஆறு கடக்கிறதைப் பற்றிக் கேக்கவேணும்” என்றேன். பிறகு நீ, “என்ன ஆறு? எவ்வளவு அகலம்?” என்று கேட்டாய். அவ்வளவுதான். என்னைக் கேள்வி கேட்க உனக்கு எத்தனையோ இருந்தது. நீ ஆற்றின் அகலத்தைக் கேட்டாய்.

சனிக்கிழமை வந்தாய். அம்மா விடியவே புட்டுக்கு மா குழைக்கத் தொடங்கியிருந்தாள். சாப்பிட்ட பிறகு நீ, “வீட்டுக்க இருந்து கதைச்சா விளங்காது, வாங்கோ” என்று என்னை லீ ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்கிறேன். பஸ்ஸில் அதற்கு மேலால் எத்தனையோ ஆயிரம் தரம் போயிருப்பேன். ஒருநாளும் இறங்கி அதன் ஓரத்தில் நின்றதில்லை. பனிக்காலம் முடிகிற வெயில். மின்கோபுரங்களுக்குக் கீழே வாத்துகள். நீ போனில் யோசுவா புத்தகத்தின் முதல் ஐந்து அதிகாரங்களையும் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டு நடந்தாய். இடைக்கிடை நின்று, கரையைக் காலால் அழுத்திப் பார்த்தாய். அது உன் பழக்கமாகிவிட்டது போல.

“ஸ்பையை அனுப்பினது சரி” என்றாய். “மூண்டு நாளைக்குச் சாப்பாடு ரெடி பண்ணச் சொன்னதும் சரி. குடும்பங்களை இந்தக் கரையில விட்டிட்டு வந்த கோத்திரத்து ஆம்பிளையள முன்னுக்கு விட்டதும் நல்லது. மனிசி பிள்ளையப் பற்றிக் கவலையில்லாம நடப்பினம்.” பிறகு, கடவுளின் கட்டளைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சுமக்கிற ஆசாரியர்களுக்கும் சனத்துக்கும் இடையில் இரண்டாயிரம் முழம் இடைவெளி விடச் சொல்லியிருப்பதைப் பார்த்தாய். நான் அதைப் பரிசுத்தத்துக்குக் கொடுக்கிற மரியாதை என்றே சொல்லிக்கொடுத்து வந்தேன். நீ, “அதுவும் இருக்கும். ஆனா, கிட்டப் போய் நெருக்கினா முன்னுக்கு நிக்கிற நூறு பேருக்குத்தான் தெரியும். ஒரு கிலோமீற்றர் கிட்டத் தள்ளி நிண்டா எல்லாருக்கும் தெரியும். அவை முந்தி போகாத வழியெல்லோ” என்றாய். எனக்குக் கால் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் நிற்கிற ஒரு கிழவிக்கும், தோளில் இருக்கிற பிள்ளைக்கும் வழி தெரியவேண்டும் என்பதற்காகக் கடவுள் தள்ளிப் போகிறார்! முப்பது வருடமாக வாசித்தவன் நான். அதை எனக்குக் காட்டியது நீ.

அடுத்ததாக நீ கேட்டது, “ஆர் கடைசியா ஆத்தில இருந்து ஏறினது?” என்று. நான் சொன்னேன்: அறுவடைக் காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரில் பட்டதும் தண்ணீர் தூரத்தில் குவிந்து நிற்கிறது, அவர்கள் போய் ஆற்றின் நடுவே நிற்கிறார்கள், சனம் முழுவதும் கடந்து முடியும்வரை அசையவில்லை. எல்லாரும் போன பிறகுதான் ஏறினார்கள். நீ தலையாட்டினாய். “எங்கட ஆக்களும் அப்படித்தான் அப்பா. முதல்ல இறங்குறதும் நாங்கள். கடைசியா ஏறுறதும் நாங்கள். பாலத்தால கடைசி வண்டியும் போனாப் பிறகுதான் கழட்டுவம்.” அதை நீ பெருமையாகச் சொல்லவில்லை, பஸ் டிப்போவில் நான் ஷிப்ட் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாய். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த நேரமும் வரக்கூடிய வெள்ளம் தூரத்தில் குவிந்து நிற்க, தோளில் பாரத்தோடு, ஒரு தாய் தவறவிட்ட செருப்பைத் தேடுவதற்கும் ஒரு ஆட்டுக்குட்டி அடம்பிடிப்பதற்கும் நேரம் கொடுத்து நின்ற அந்த மனிதர்களை நினைத்தேன். அவர்களுக்கு நடுவில் என் மகள் நிற்பது போல இருந்தது. நீ மற்றவர்களின் பிள்ளைகளைக் கொல்லப் படிக்கிறாய் என்று சொன்ன வாய் இது.

அதன் பிறகுதான் நீ திடீரென்று நின்றாய். போனை இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளி வாசித்தாய். “அப்பா, இது விசர் வேலை.” என்ன என்று கேட்டேன். கடந்த பிறகு, அக்கரையில் கில்காலில், ஆண்கள் எல்லாருக்கும் நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்த இடத்தைக் காட்டினாய். எனக்குக் கூச்சமாக இருந்தது. மகளோடு கதைக்கிற விடயமா? உனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நீ அதைப் படையின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாய். “சண்டை பிடிக்கக்கூடிய ஒவ்வொரு ஆம்பிளையையும் ஒரே நாளில வெட்டி விழுத்திப் போட்டினம். எழும்பி நடக்க எத்தினை நாளாகும்? பின்னால ஆறு திரும்பப் பெருகியிட்டுது. திரும்பி ஓடவும் ஏலாது. முன்னுக்கு எதிரியின்ர சிற்றி. அங்க இருந்து ஐம்பது பேர் வந்தாக் காணும், எல்லாம் முடிஞ்சுது.” நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். “அந்தக் கரையில எவ்வளவு நாள் சும்மா இருந்தவை? சேஃபா இருந்தவை. அங்கயே செய்திருக்கலாமே. ஏன் கடந்தாப் பிறகு?”

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கரையில் கிடந்த ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். நீ தொடர்ந்து வாசித்தாய். பாளயத்தில் புண் ஆறும்வரை படுத்துக் கிடந்தார்கள். பிறகு எரிகோவுக்கு முன்னாலேயே, எகிப்திலிருந்து விடுதலையான நாளை நினைக்கிற பஸ்காவைக் கொண்டாடினார்கள். அடுத்த நாள் அந்த நாட்டுத் தானியத்தைச் சாப்பிட்டார்கள். அதோடு, நாற்பது வருடம் வானத்திலிருந்து வந்த மன்னா என்கிற உணவு நின்றுபோனது. “ரேஷனும் நிண்டிட்டுது” என்று நீ மெதுவாகச் சொன்னாய். ஒரு படை எதையெல்லாம் நம்பி இருக்குமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மகளே. திரும்பிப் போகிற வழி போயிற்று. பலம் போயிற்று. சாப்பாடு வருகிற வழி போயிற்று. அதற்குப் பெயர் ஆயத்தம்! நான் இவ்வளவு காலமும் ஆயத்தம் என்றால் சேர்த்துக்கொள்வது என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் அரிசி சேர்த்தோம், மண்ணெண்ணெய் சேர்த்தோம்; இங்கே வந்து கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டோம், உன்னை எதற்கும் விடாமல் வளர்த்தோம். அந்தச் சனத்தின் கடவுளோ, பாதுகாப்பான கரையில் அவர்களைத் தொடவில்லை. எதிரிக்குத் தெரிகிற தூரத்தில் கொண்டுவந்து படுக்கவைத்து, ஒருவனும் வாளைத் தூக்க முடியாத நாட்களில் தானே காவலிருந்தார். ஒரு அம்புகூட வரவில்லை. வெயில் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதற்கு அடுத்த பகுதி உனக்குத் தெரியும். யோசுவா எரிகோவுக்குக் கிட்ட நிற்கும்போது, உருவிய வாளோடு ஒருவர் எதிரே நிற்கிறார். நீர் எங்கள் பக்கமா, எங்கள் எதிரிகளின் பக்கமா என்று யோசுவா கேட்கிறார். ‘இல்லை’ என்று பதில் வருகிறது. நான் கர்த்தருடைய சேனையின் அதிபதி, இப்போது வந்திருக்கிறேன், உன் செருப்பைக் கழற்று. அவ்வளவுதான். நீ அதை வாசித்துவிட்டு என்னிடம், “அப்பா, நீங்கள் அந்த இடத்தில நிண்டிருந்தா என்ன கேட்டிருப்பியள்?” என்றாய்.

“அதையேதான் கேட்டனான்” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. என் இருபத்திரண்டாவது வயதில், யாழ்ப்பாணத்தைப் படை நெருங்கியபோது, நான் மதிலுக்கு உள்ளே இருந்தவன் என்று உனக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஷெல் விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்ததைச் சொன்னேன். வெளியே ஒரு படை தன்னை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் ஊருக்குள் எப்படி இருக்கும் என்று சொன்னேன். எரிகோவில் இருந்தவர்களின் இருதயம் கரைந்துபோனது என்று வேதத்தில் ஒரு வரியில் இருக்கிறது. நாங்கள் அதைப் பல மாதம் வாழ்ந்தோம். பக்கத்து வீட்டு ரீச்சர் அடுப்பில் சோறு வேகும்போதே இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டதைச் சொன்னேன். பிறகு வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்ததைச் சொன்னேன். வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்து நான் வாய்விட்டு, “ஆண்டவரே, எங்கட பக்கம் நில்லும்” என்று செபித்ததையும் சொன்னேன். அந்தத் தண்ணீரின் மற்றப் பக்கத்தில், எங்களைத் தேடிக்கொண்டிருந்த சிப்பாய்களின் தாய்மாரும் தங்கள் கோவில்களில் அதையேதான் கேட்டிருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும். இல்லை. நான் உன் பக்கத்தில் நிற்க வரவில்லை. நீ என் முன்னால் செருப்பைக் கழற்று. எனக்கு அது அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வருடம் இவ்வளவு கோபத்தோடு வாழ்ந்திருக்கமாட்டேன். அண்ணன் மேலும், அவனைக் கொண்டுபோனவர்கள் மேலும், கடைசியில் உன் மேலும்.

நீ என் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “எரிகோவுக்குள்ள இருந்த ஆக்கள்? அவையள் எல்லாரையும் வெட்டினது சரியோ?” என்று கேட்டாய். பதினான்கு வயதிலும் இதே கேள்வியை ஞாயிறு பாடசாலையில் கேட்டு, ‘அவர்கள் பாவிகள்’ என்று ஒரு பதிலை வாங்கிக்கொண்டு போனாய். அந்தப் பதிலைச் சொன்னவனும் நான்தான். இந்தமுறை நான் அதைச் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாது, பிள்ளை” என்றேன். இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மதிலுக்குள் ராகாப் என்று ஒரு பெண் இருந்தாள். ஊருக்குள் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. வேவு பார்க்க வந்த இரண்டு பேரையும் கூரையில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்தாள். தன் தாய் தகப்பனையும் சகோதரரையும் விட்டுவைக்கும்படி கெஞ்சி, படை தன் வீட்டை அடையாளம் காண ஜன்னலில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினாள். படை ஆயத்தமாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், மதிலுக்கு உள்ளே அவளும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நீ போகிற இடத்திலும் அப்படி ஒரு வீடு இருக்கும். உன் வரைபடத்தில் அது வெறும் சதுரமாக இருக்கும். நிமிர்ந்து ஜன்னல்களைப் பார், மகளே. ஒரு தகப்பனாக உனக்கு நான் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான். உன் தொழிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த நாள் வகுப்பை நீதான் எடுத்தாய். வீதிவழியே நடந்து வரும்போது, இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் என்று மனத்துக்குள் வசனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். எழுந்து நின்றேன். அதே மண்டபம், அதே கதிரைகள், அதே முகங்கள். “இது என்ர மகள்” என்றேன். ஒழுங்குபடுத்தி வைத்த வசனத்தைச் சொல்லாமலே கதிரையில் இருந்துவிட்டேன். உன்னைத்தான் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியுமே, யாரோ சிரித்தார்கள். நீ எழுந்து, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும், ஆற்றைப் பற்றியும் இடைவெளியைப் பற்றியும் கில்காலைப் பற்றியும் சொன்னாய். ஒருவரும் தேநீருக்கு எழும்பவில்லை. முடிவில் முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர், ஊரில் தன் இரண்டு மகன்மாரையும் பறிகொடுத்தவர், கையை உயர்த்தினார். “பிள்ளை, உமக்குப் பயமில்லையோ?”

“பயம் இருக்கு, மாமா” என்றாய். “பயத்தைப் போக்கிறதுக்கு எங்களுக்கு ஒருத்தரும் ட்ரெயினிங் தரேல்ல. பயத்தோட கை நடுங்கினாலும் முடிச்சைச் சரியாப் போடத்தான் தந்தவை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கில்கால்ல படுத்துக் கிடந்த ஆக்களுக்கும் பயம் இருந்திருக்கும். எழும்பி ஓட ஏலாமப் பயப்பிடுறது எப்பிடியிருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. அதுக்குள்ளயும் பஸ்காவுக்கு அடுப்பு மூட்டியிருக்கினம்” என்றாய். அந்த மனிதர் எழுந்து வந்து உன் தலையில் கை வைத்தார். அதைச் செய்திருக்க வேண்டியவன் நான். நான் கதிரையிலேயே இருந்தேன்.

ஆகவே இப்போது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். இதை வாசிக்கிற சபையாரே, நான் என் மகளைப் பற்றி உங்கள் முன்னால் சொன்னது பொய். அதை நான் செபம் என்ற பெயரில் சொன்னேன்; அது இன்னும் பெரிய பிழை. மகளே, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னித்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆற்றின் அகலத்தைக் கேட்ட அன்றே மன்னித்துவிட்டாய். ஆனாலும் கேட்காமல் பெற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. நீ நினைப்பது போல நான் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இப்போதும் உன் சீருடை வீட்டுக் கொடியில் காய்ந்தால் நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப்போவேன். போரை நான் ஒருநாளும் நல்லது என்று சொல்லமாட்டேன். நீயும் என்னைச் சொல்லச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. உன் பக்கம் கடவுள் நிற்கவேண்டும் என்று இனி நான் செபிக்கமாட்டேன். அவர் நிற்கிற இடத்தில் நீ செருப்பைக் கழற்றி நிற்கவேண்டும் என்றுதான் செபிப்பேன். உன் கையில் இருக்கிறது பாலம் என்றாலும் சரி, துப்பாக்கி என்றாலும் சரி. உனக்கு முன்னால் எந்தச் சனம் கடந்தாலும், கடைசி ஆள் கரை ஏறும்வரை நிற்கிற பலத்தை அவர் உனக்குத் தரட்டும்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ வந்திருந்தாய். அம்மா அடுப்படியில் உனக்குக் கொண்டுபோக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். நீ மேசையில் சில படிவங்களை விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாய். புறப்படுகிற எல்லாரும் நிரப்ப வேண்டுமாம். இரத்த வகை, மதம், இன்னும் எனக்கு விளங்காத ஏதேதோ. ஒரு இடத்தில் பேனை நின்றது. நீ குரலைத் தாழ்த்தி, அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, “அப்பா, எனக்கு ஏதும் நடந்தா முதல்ல ஆருக்குச் சொல்லவேணும் எண்டு கேட்டிருக்கு. உங்களுக்கோ, அம்மாவுக்கோ?” என்று கேட்டாய்.

எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “எனக்குச் சொல்லட்டும்” என்றேன். “அம்மாவுக்கு நான் சொல்லுவன்.”

நீ தலையைக் குனிந்து என் பெயரை எழுதத் தொடங்கினாய். இங்கே வேலைத்தளத்தில் எல்லாரும் எனக்கு வைத்த இரண்டெழுத்துச் சுருக்கத்தை நீ எழுதவில்லை. தகப்பன் பெயரோடு சேர்த்து என் முழுப் பெயரையும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாய். பெட்டிகள் முடிந்துவிட்டன, பெயர் முடியவில்லை. நீ நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்டி, கடதாசியின் ஓரம்வரை எழுதி முடித்தாய்.

அப்பா